சுருங்கிய ரயில், சுருங்காத வெயில்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்துக்குள் ரயில் விடும் பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. கூடத்துத் தரையில் சுற்றிவரும் பொம்மை ரயிலோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் 32 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம் போட்டு, ஜல்லி பரப்பி, நிஜமாகவே தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியில் ஓடும் எஞ்சின்களை அதில் விடுகிறார்கள். ஓர் அடிக்கு 16 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அதாவது எல்லாமே நிஜத்தில் பத்தொன்பதில் ஒரு பங்கு. வேல்ஸ் மலைகளிலிருந்து கற்பலகை இறக்கிய குட்டி ரயில்களும் நம் டார்ஜிலிங் ரயிலும் ஓடுவது சுமார் இரண்டடி அகலப் பாதையில். அதைப் பத்தொன்பதால் வகுத்தால் இந்த 32 மி.மீ. வந்துவிடும். டார்ஜிலிங் எஞ்சினின் நீராவி மாதிரியையும் அங்கே ஒரு கம்பெனி செய்து விற்கிறது. ரோஜாப் புதர்களுக்கு நடுவே அது ஓடினால் யாரும் திரும்பிப் பார்த்து வியப்பதில்லை.

ஜெர்மனியில் இதற்கு இன்னொரு மரபு உண்டு. 1968-இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் லேமான் கம்பெனி எல்.ஜி.பி. என்ற பெயரில், மழையிலும் வெயிலிலும் வெளியே ஓடக்கூடிய மின்சார ரயிலை அறிமுகப்படுத்தியது. அதன் விகிதம் 1:22.5, பாதையின் அகலம் 45 மி.மீ. நம் ஊட்டி ரயிலைப் போன்ற மீட்டர் கேஜ் ரயில்களைச் சுருக்கினால் அந்தப் பாதையில் கச்சிதமாக உட்காரும். ஆனால் கோடை நாளொன்றில் நடக்கும் இயற்பியலைப் பார்க்க நீராவிதான் வசதி. அதனால் ஆங்கிலேயத் தோட்டத்துக்கே போவோம்.

எஞ்சினைச் சுருக்கலாம், பெட்டியைச் சுருக்கலாம், ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியைக்கூடச் சுருக்கலாம். வெயிலைச் சுருக்க முடியாது. மழைத்துளி, நத்தை, புவியீர்ப்பு, காற்றின் ஈரம், வாயுவின் அழுத்தம் என மற்றவையும் முழு அளவில்தான் வந்து நிற்கும். வீட்டுக்குள் ஓடும் மாதிரி ரயிலுக்கு இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. தோட்டத்தில் ஓட்டுபவருக்கோ ஜூலை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இத்தனையும் வரிசையாக வரும்.

காலை எட்டு மணிக்குப் பாதையைப் பார்வையிடும் வேலை. கரும்பறவைகள் புழு தேடி ஜல்லியைக் கிளறி, தடம் மாற்றும் பாயின்ட்டுகளின் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கற்களைத் தள்ளியிருக்கும். பாயின்ட் முழுதாக மூடாமல் போக ஒரே ஒரு கல் போதும். இரவில் நத்தை ஊர்ந்த இடத்தில் ஈரம் உலர்ந்து பளபளவென்று ஒரு பட்டை கிடக்கும். எஞ்சின் அதன்மேல் ஏறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மேடைக்கு அடியில் கான்கிரீட்டின் சூட்டை நாடி எறும்புகள் குடியேறி, மண்ணை வெளியே தள்ளி வைத்திருக்கும். இவற்றையெல்லாம் கைத்துடைப்பத்தாலும் பழைய துணியாலும் சரிசெய்துவிடலாம். செடிகளுக்குக் கத்தரிக்கோல். இலையின் அளவு மட்டும் விகிதத்துக்கு அடங்காது என்பதால் பொடி இலைச் செடிகளாகத் தேடி வைக்கிறார்கள். தைம் செடியின் ஐந்து மில்லிமீட்டர் இலைகூட இந்த உலகத்தில் ஒன்பதரை சென்டிமீட்டர் இலை.

பத்து மணிக்கு மேல்தான் உண்மையான பிரச்சினை தொடங்குகிறது. தண்டவாளம் சூடாகிறது.

பாதைக்குப் பயன்படுவது நிக்கல் சில்வர் என்கிற, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் நீளம் சுமார் 0.0165 மில்லிமீட்டர் நீளும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். விடியற்காலையில் 12 டிகிரியில் இருந்த தண்டவாளம் நண்பகல் வெயிலில் 52 டிகிரியைத் தொட்டால் ஒரு மீட்டருக்கு 0.66 மில்லிமீட்டர் நீட்சி. மனிதத் தலைமுடி ஏழெட்டின் தடிமன்தான் இது. ஆனால் இரு முனையையும் யாரோ இறுக்கமாகத் திருகி வைத்திருந்தால் அந்த நீட்சி எங்கே போகும்? பக்கவாட்டில் வளையும். எவ்வளவு வளையும் என்பதில்தான் வடிவியலின் குறும்பு இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்துக்குள் 0.66 மி.மீ. கூடுதல் நீளத்தை அடக்க, நடுப்பகுதி ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் புடைத்தாக வேண்டும். நீண்டதைப் போல இருபத்தைந்து மடங்கு நகர்வு; பாதையின் அகலத்தில் சரிபாதி. ஒரு ஸ்டீல் ஸ்கேலை இரு கைகளாலும் முனைகளில் பிடித்து லேசாக நெருக்கிப் பாருங்கள். கைகள் நகர்ந்ததே தெரியாது, நடுவில் வில்லாக வளைந்திருக்கும்.

இதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பாதையை மேடையோடு ஒட்டிவிடுவதில்லை. ஆங்காங்கே மட்டும் திருகி, மீதியை ஜல்லிமேல் மிதக்க விடுகிறார்கள். சந்தையில் கிடைக்கும் தண்டவாளம் ஒரு கஜ நீளம், அதாவது 91 சென்டிமீட்டர். ஒவ்வோர் இணைப்பிலும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டால் போதும். எந்தப் பருவத்தில் பாதை போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கடும் வெயிலில் போடுபவர் இடைவெளியே விடாமல் நெருக்கிப் போடலாம். குளிர்காலத்தில் போடுபவர் தாராளமாக விட வேண்டும். வளைவுகள் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள். இரண்டு மீட்டர் ஆரமுள்ள வளைவு அதே 40 டிகிரிக்கு வெளிப்பக்கமாக 1.3 மி.மீ. நகர்ந்து தன் நீட்சியைத் தானே தீர்த்துக்கொள்ளும். அழகுக்காகச் சிலர் போடும் நீண்ட நேர்பாதை, அதுவும் இரு முனையிலும் பாலமோ பாயின்ட்டோ இறுக்கிப் பிடித்திருக்கும் நேர்பாதைதான் மதியம் ஒரு மணிக்கு எஞ்சினைத் தோட்டத்துக்குள் தள்ளும்.

பெரிய ரயிலிலும் இதே கதைதான், தீர்வு மட்டும் நேர் எதிர். இன்றைய தண்டவாளங்கள் கிலோமீட்டர் கணக்கில் பற்றவைக்கப்பட்டவை. நீள இடமே கிடையாது. பிரிட்டனில் 27 டிகிரியில் எந்த இழுவிசையும் நெருக்குதலும் இல்லாதிருக்கும்படி முன்கூட்டியே இழுத்துப் பொருத்திவிடுகிறார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் உள்ளே நெருக்குதலாகச் சேர்கிறது. ஸ்லீப்பரும் ஜல்லியும் அதை அமுக்கிப் பிடித்திருக்கின்றன. வெயிலில் தண்டவாளம் காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும் என்பதால் சில இடங்களில் அதற்கு வெள்ளைச் சாயம்கூடப் பூசுகிறார்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானபோது, லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே யார்க், லீட்ஸ் நோக்கிப் போகும் முதன்மைப் பாதையில் ரயிலே ஓடவில்லை. தோட்டத்தில் ஓட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது. விருந்தினர்கள் தேநீரோடு காத்திருக்கிறார்கள்.

அடுத்தது எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் வேலை. உள்ளங்கைக்குச் சற்றே பெரிய கொதிகலன், செம்பில் செய்து வெள்ளிப் பற்றாசு வைத்தது. அதற்குள் சிரிஞ்சால் அளந்து 200 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படியும். ஓட்டுநர் அறையில் ஒரு சிறு வாயுத் தொட்டி. அதில் சிகரெட் லைட்டருக்கு நிரப்புவது போலவே பியூட்டேன் நிரப்புகிறார்கள். தீ ஏற்றிய பத்து நிமிடத்துக்குள் அழுத்தமானியின் முள் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டைத் தொடும். அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 141 டிகிரியில் கொதிக்கிறது. தொட்டியில் உள்ள வாயு, கொதிகலனில் உள்ள தண்ணீருக்கு முன்பே தீர்ந்துவிடும்படி அளவெடுத்துச் செய்திருப்பார்கள். தண்ணீர் வற்றிய செம்பின்மேல் தீ எரியக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய காவல் எனக்குத் தெரியவில்லை. மின்னணுவியல் எதுவுமில்லை, வெறும் தொட்டியின் கொள்ளளவு.

இந்தப் பியூட்டேனுக்குத்தான் கோடையும் குளிரும் பெரிய விஷயம். அது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதிக்கிற திரவம். மூடிய தொட்டிக்குள் 20 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் வளிமண்டலத்தைப் போல இரண்டு மடங்கு. 40 டிகிரியில் நான்கு மடங்கை நெருங்குகிறது. பர்னருக்குப் போகும் வாயுவைத் தள்ளுவது இந்த அழுத்தம் மட்டுமே. திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழிப்பதால் தொட்டி குளிர்ந்துகொண்டே போகும். ஜனவரியில் அதன்மேல் பனி படிந்து தீ தளர்ந்துவிடும், எஞ்சின் மூச்சு வாங்கும். அதற்காகவே சிலர் தொட்டியைச் சுற்றி வெந்நீர் ஊற்ற ஓர் உறை வைக்கிறார்கள். ஜூலையில் தொல்லை தலைகீழ். தொட்டி வெதுவெதுப்பாகவே இருக்கிறது, தீ உறுமுகிறது, சேஃப்டி வால்வ் ஓயாமல் சீறுகிறது. புதிதாக வந்தவர் அதைப் பெருமையாகப் பார்ப்பார். பழகியவர் வாயுவின் திருகைக் குறைப்பார், ஏனென்றால் சீறி வெளியேறும் நீராவி எதையும் இழுப்பதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் ஓட்டம் முடிந்து உடனே மறுபடி வாயு நிரப்பப் போனால் இறங்காது. நிரப்பும் டப்பாவுக்குள் இருக்கும் பியூட்டேன் காற்றின் வெப்பத்தில் இருக்கிறது. எஞ்சினின் தொட்டியோ கொதிகலன் பக்கத்திலேயே இருந்து இன்னும் சூடாகியிருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடுதல், வெளியே குறைவு. திரவம் எந்தப் பக்கம் போகும்? ஈரத்துணியைத் தொட்டிமேல் போட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பதே வழி. நிரப்பும் இடம் மற்ற எஞ்சின்களுக்குச் சில மீட்டர் தள்ளி இருக்கும். பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனமானது, சிந்தினால் தரையோடு தவழ்ந்து தீயைத் தேடிப் போகும்.

எரிசாராயத்தில் ஓடும் எஞ்சின்களும் வரும். அவற்றின் சுடர் வெளிர்நீலம். பட்டப்பகல் வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. சாராயம் சிந்திப் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்மேல் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் தெரிவது பிளாஸ்டிக் உருகும் வாசனைதான். பக்கத்தில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்திருப்பது கட்டாயம். சாராயம் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் இங்கே தண்ணீரே நல்ல மருந்து. நிலக்கரி எஞ்சின்களுக்குப் புல் காய்ந்து கிடக்கும் வாரங்களில் அனுமதி கிடைப்பது கடினம். பொறி பறந்தால் பக்கத்து வீட்டு வேலிவரை போகும்.

ரயில் புறப்பட்டதும் விருந்தினர்களில் யாராவது கேட்பார்கள், நீராவி எங்கே என்று. புகைபோக்கியில் சத்தம் மட்டும் வருகிறது, வெண்மை இல்லை. நாம் நீராவி என்று காட்டும் வெண்புகை நீராவியே அல்ல. அது குளிர்ந்து துளிகளான தண்ணீர். நீராவி கண்ணுக்குப் புலப்படாத வாயு. துளியாக மாறுவதா, கரைந்து மறைவதா என்பதைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள காற்று. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் இன்னும் 18 கிராமுக்கு இடமிருக்கிறது. குட்டி எஞ்சின் ஊதுவதெல்லாம் நொடியில் அதற்குள் காணாமல் போகும். 5 டிகிரியில் காற்று தாங்குவதே ஏழு கிராமுக்குக் குறைவு. 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் குளிர்காலக் காலையில் மீதியிடம் ஒன்றரை கிராம்கூட இல்லை, ஆகவே வெண்மேகம் பெட்டிகளின்மேல் படுத்துக்கொண்டே வரும். ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையத்திலும் டிசம்பர் காலையில் குன்னூரிலும் ஊட்டி ரயிலைப் பார்த்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் அறிந்திருப்பார்கள். நல்ல படம் எடுக்க நினைப்பவர்கள் தோட்ட ரயிலுக்குக் கோடையில் வருவது வீண் என்பது என் கருத்து.

மதியம் கால அட்டவணைப்படி ஓட்டம். ஒற்றைப் பாதை, நடுவில் எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்ல ஒரு லூப். பித்தளைத் துண்டொன்று டோக்கனாகக் கைமாறும். அது கையில் இல்லாமல் யாரும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. ஓட்டுபவர்களில் நரைத்த தலைகளே அதிகம், ஆனால் டோக்கனை மறந்து புறப்பட்டவரைக் கண்டிக்கும்போது பள்ளிக்கூடப் பையன்களின் உக்கிரம் வந்துவிடும்.

வேகக் கணக்கு எளிது. நிஜ ரயில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் இங்கே நொடிக்கு 36 சென்டிமீட்டர், கூடவே நிதானமாக நடந்து வரலாம். சிக்கல் நிறுத்துவதில். நிஜ ரயில் அந்த வேகத்தில் நீராவியை மூடினால், எடையில் நூற்றில் ஒரு பங்கு உராய்வுத் தடை மட்டும் இருக்கும்போது, ஏறத்தாழ 245 மீட்டர் உருண்டு நிற்கும். பத்தொன்பதால் வகுத்தால் குட்டி ரயில் 13 மீட்டர் உருள வேண்டும். உருளுவதோ 68 சென்டிமீட்டர். நீளம் பத்தொன்பது மடங்கு குறைந்தால் வேகமும் அவ்வளவே குறைகிறது. உருளும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே 361 மடங்கு குறைகிறது. புவியீர்ப்பும் உராய்வும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளாததன் விளைவு இது. அதனால்தான் மாதிரி ரயில்கள் முரட்டுத்தனமாக நிற்கின்றன, வெடுக்கென்று கிளம்புகின்றன. மின்சார ரயில்களின் சிப்புக்குள் பொய்யான மந்தத்தை எழுதி வைத்து இதை மறைக்கிறார்கள். நீராவியில் அந்தப் பொய்யைக் கையால்தான் சொல்ல வேண்டும். ரேடியோ கன்ட்ரோலில் நீராவியை ஆளும் ரெகுலேட்டரை மயிரிழை மயிரிழையாக மூடுவதே நல்ல ஓட்டுநரின் அடையாளம்.

இணைப்பில் தடுக்கி ஒரு பெட்டி ஆடும்போதும் இதே குறை தெரியும். நிஜப் பெட்டியைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் அது ஆடும், பத்தொன்பதின் வர்க்கமூலம் 4.36. சினிமாக்காரர்கள் இதை என்றோ கண்டுகொண்டார்கள். இந்த அளவுள்ள மாதிரியைப் படமெடுக்க நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பதில் சுமார் 105 சட்டங்கள் ஓடவிட்டுப் பிறகு மெதுவாகக் காட்டினால், கவிழும் பெட்டிக்கு டன் கணக்கில் எடை வந்துவிடும்.

இத்தனை பரபரப்பில் உண்மையாக நடக்கும் வேலை எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒருமுறை நிரப்பும் வாயு 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 920 கிலோஜூல் ஆற்றல். ரயிலை மூன்று நியூட்டன் விசையோடு நொடிக்கு 36 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால் திறன் ஒரு வாட் சொச்சம். இருபத்தைந்து நிமிடத்துக்குக் கூட்டினால் 1.6 கிலோஜூல். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. பெரிய நீராவி எஞ்சின்கள் நூற்றுக்கு ஆறு ஏழாவது தேற்றின. கொதிகலனைப் பத்தொன்பது மடங்கு சுருக்கும்போது கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு பத்தொன்பது மடங்கு கூடிவிடுகிறது. சூடெல்லாம் பக்கங்களின் வழியே தோட்டத்துக்குப் போகிறது. சிலிண்டருக்குள் வந்த நீராவியும் சுவரில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. கிளம்பும்போது புகைபோக்கியிலிருந்து எண்ணெயும் வெந்நீரும் துப்புவது இதனால்தான். குனிந்து பார்க்கும் குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துவது நல்லது.

நான்கு மணிவாக்கில் இடிமழை வந்தால் ஆட்டம் கலைந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி இந்த உலகத்தில் எலுமிச்சம்பழம். நிஜப் பாதையில் முஷ்டி அளவு ஜல்லி மழைக்கு அசையாது. இங்கே அதன் இடத்தில் கிடப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருக்கைகள், பெரும்பாலும் கோழிக்குத் தீனியோடு போடும் கல்தூள். கால் மணி நேர மழை அதை அரித்து மேடையின் ஓரமாகக் கொட்டிவிடும். அதனாலேயே சிலர் ஜல்லியில் கொஞ்சம் சிமென்ட் கலக்கிறார்கள். அப்படிச் செய்தால் தண்டவாளம் நகர இடமில்லாமல் போய் மறுபடியும் பழைய வெப்பப் பிரச்சினைக்கே வந்து நிற்பார்கள். மழைக்குச் சம்மதித்தால் வெயில் கோபிக்கும். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்திய பாதையை நான் கேள்விப்பட்டதில்லை.

ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை ஷெட்டில் வைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. சிலிண்டருக்கு எண்ணெய் கொடுப்பது பம்ப் அல்ல, பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு கிண்ணம். நீராவிக் குழாய் அதன் மேற்பகுதியைக் கடந்து போகிறது, நடுவே ஊசித்துளை. துளை வழியாகக் கொஞ்சம் நீராவி உள்ளே போய்த் தண்ணீராகி, எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் இறங்குகிறது. அதே அளவு எண்ணெய் மேலே தள்ளப்பட்டு நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகிறது. நாள் முடிவில் கிண்ணத்தின் அடியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சினால் தண்ணீர் வர வேண்டும். வந்த தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு எண்ணெய் செலவாகியிருக்கிறது. தண்ணீருக்குப் பதில் நிரப்பிய எண்ணெயே திரும்ப வந்தால் பிஸ்டன் அன்று முழுவதும் வறண்டே ஓடியிருக்கிறது. மெல்லிய கம்பியால் அந்த ஊசித்துளையின் அடைப்பை எடுக்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்க மாட்டார்கள்.